தெற்கே போன அணி

ஜான்ஸ்டவுனுக்கு நான் போனது 2010 மார்ச்சில். பிட்ஸ்பர்கில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், எங்கள் பிரிவை வேறு ஊருக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்ட வாரம் அது. சனிக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ‘ஸ்லாப் ஷாட்’ படத்தில் பார்த்த அரங்கத்தை நேரில் பார்க்கலாமென்று காரை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பினேன்.

மலைகளுக்கிடையே ஆற்றோரம் ஒடுங்கிக் கிடக்கும் ஊர். 1889இல் மேலேயிருந்த அணை உடைந்து 2,209 பேரைப் பலிகொடுத்தது. எஃகு ஆலைகளே அதற்குச் சோறு. ஆலைத் தொழிலாளர்களின் மாலைப்பொழுதுக்கு ஐஸ் ஹாக்கி. 1950 முதல் ஜெட்ஸ் என்ற அணி அங்கே ஆடிவந்தது. பெரிய லீக் கனவு கலைந்தவர்களும் கலையாதவர்களும் ஒரே பேருந்தில் ஊர் ஊராகப் போகும் சிறிய அணி.

எழுபதுகளில் அதில் ஆடிய நெட் டவுட், உடைமாற்றும் அறையிலும் பேருந்திலும் நடந்த பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து தன் அக்கா நான்ஸி டவுடுக்குக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்த திரைக்கதைதான் ‘ஸ்லாப் ஷாட்’. அதன் கெட்ட வார்த்தைகளைக் கேட்டவர்கள், எழுதியது ஒரு பெண் என்பதை நம்பச் சிரமப்பட்டிருப்பார்கள். சண்டைக் காட்சிகளுக்காகவே பலரும் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது உரிமையாளர் யாரென்றே தெரியாமல் உழைப்பவர்களின் கதை. ஆலை மூடப்படுகிறது, அணியும் கலையப்போகிறது. பால் நியூமன் நடித்த பயிற்சியாளர், புளோரிடாக்காரர்கள் அணியை வாங்கப்போகிறார்கள் என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டு ஆட்களுக்குத் தெம்பூட்டுகிறார். கடைசியில் கண்டுபிடிக்கப்படும் உரிமையாளரோ, விற்பதைவிட அணியைக் கலைத்து வரிக்கணக்கில் நஷ்டம் காட்டுவதே லாபம் என்கிறார்.

படம் வெளிவந்தது 1977 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூலையில் மறுபடியும் வெள்ளம். 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலைகள் ஆட்குறைப்பு செய்தன. ஜெட்ஸ் கலைந்தது.

இடையில் வந்த ஓரிரு அணிகள் நிலைக்கவில்லை. 1988இல் பிறந்த அணிக்குப் படத்திலிருந்தே ‘சீஃப்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நிஜத்தைப் பார்த்து எழுதிய கற்பனையைப் பார்த்து நிஜம் பெயர் சூட்டிக்கொண்டது! படத்தில் ஹான்ஸன் சகோதரர்களில் ஒருவராக நடித்த, முன்னாள் ஜெட்ஸ் வீரரான ஸ்டீவ் கார்ல்ஸன், ஈசிஎச்எல் லீக்கின் முதல் பருவத்தில் அவர்களுக்குப் பயிற்சியாளர். 1989இல் இறுதிச்சுற்று வரை போய்த் தோற்றார்கள். கோப்பை கடைசிவரை கிடைக்கவில்லை. அதே லீக்கில் 22 பருவங்கள் அந்த ஊரிலேயே ஆடினார்கள்.

நான் போனபோது அவர்கள் தென் கரோலினாவிலுள்ள கிரீன்வில்லுக்கு இடம்பெயரப்போவது அறிவிக்கப்பட்டுவிட்டது. சுமார் 4,000 பேர் அமரக்கூடிய அரங்கம். காலி இருக்கைகள் நிறைய. ரப்பர் வில்லை பலகையில் மோதும் ஓசை துப்பாக்கி வெடிப்பதுபோல் எதிரொலித்தது. பக்கத்தில் ஒரு முதியவர். 1992இல் ஆலை மூடப்படும்வரை அங்கே வேலை பார்த்தவராம்.

“படத்தில் புளோரிடா என்றார்கள். இவர்கள் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறார்கள்” என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன், மாற்றலைப் பற்றியும்.

“நீங்கள் போவீர்களா?”

இன்னும் முடிவெடுக்கவில்லை என்றேன். அவர் தன் சோளப்பொரிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் பகுதி தொடங்கிவிட்டிருந்தது.