காதைக் கழுவிக்கொள்ளும் ராஜா

1762இல் கொரிய ராஜா யோங்ஜோ, பட்டத்து இளவரசனான தன் மகன் சாடோவை அரிசிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். எட்டு நாளில் மகன் செத்துப்போனான். வயது 27. லீ ஜூன்-இக் இயக்கிய ‘தி த்ரோன்’ (2015) அந்த எட்டு நாட்களையும் அதற்கு முந்தைய வருடங்களையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. முடிவு முன்பே தெரியும். அப்புறம் எதற்குப் பார்க்கணும்? சாங் காங்-ஹோவுக்காக.

‘பாரசைட்’ படத்து அப்பா என்றால் உடனே தெரியும். இங்கே அவர்தான் யோங்ஜோ. ராஜாவின் அம்மா அரண்மனையில் எடுபிடி வேலை பார்த்தவள். அண்ணனுக்கு விஷம் வைத்துத்தான் பட்டத்துக்கு வந்தார் என்று வதந்தி வேறு. அதனால் மகனாவது யாரும் குறை சொல்ல முடியாதவனாக வளரவேண்டும். படி, படி என்கிறார். மகனுக்கோ ஓவியமும் வாளும்தான் பிடிக்கிறது. இந்த இடத்தில் இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஞாபகம் வராதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மகனிடம் பேசியதும் ராஜா காதைக் கழுவிக்கொள்கிறார். கெட்டதைக் கேட்டுவிட்டால் செய்கிற சடங்கு அது. சாடோவின் மனைவி ஹ்யேக்யோங் எழுதிய நினைவுக்குறிப்புகளில் இது இன்னும் கொடுமை: மகனைக் கூப்பிட்டு “சாப்பிட்டாயா?” என்பார், பதில் வந்ததும் காதைக் கழுவுவார்.

அண்ணனூரில் எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்விதான் பாதிப் பேச்சு. ராத்திரி லேட்டாக வந்தால் அப்பா கதவைத் திறந்துகொண்டே “சாப்டியா?” என்பார். “ஆச்சுப்பா.” அவ்வளவுதான். மூன்றாம் வருடத்தில் இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கும் “முதல்ல சாப்பிடு” என்றார். அது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவேயில்லை. நான் படித்து முடித்தேன்.

மகனைக் கொன்ற ராஜா நமக்கும் உண்டு. கன்றை இழந்த பசு மணியடித்ததும், மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட கதையில் நீதி இருந்தது, பசு இருந்தது, கடைசியில் உயிர்ப்பிக்க சிவன் வந்தார். அந்தப் பையன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தப் படம் பையனைப் பேசவிடுகிறது. யூ ஆ-இன் பெட்டிக்குள் கத்துகிறார், கெஞ்சுகிறார், தாகம் தாளாமல் தன் சிறுநீரையே விசிறியில் பிடித்துக் குடிக்கிறார். தன் மகன் பிறந்தபோது அவரே டிராகன் வரைந்த விசிறி அது. 2015இல் ப்ளூ டிராகன் சிறந்த நடிகர் விருது அவருக்குப் போனது நியாயம்.

கடைசியில் பெட்டிக்கு வெளியே அப்பாவும் உள்ளே மகனும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். வரலாற்றில் இல்லாத உரையாடல், இயக்குநரின் கற்பனை. என்றைக்கோ நடந்திருக்கவேண்டிய பேச்சு என்று பார்க்கிற நமக்குத் தெரிகிறது. சாங் காங்-ஹோவின் குரல் தளர்வதைக் கேட்டால், ராஜாவுக்கும் தெரிந்துவிட்டது.