சத்தமில்லாமல் பார்க்கிற காற்று

போன வருசம் ஒருநாள் இரவு, போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். ஓடிய வீடியோ முடிந்து, அடுத்தது தானாகவே தொடங்கிவிட்டது. திடீரென்று ஒரு வெடிச்சத்தம். அம்மா அறையிலிருந்து எழும்பி வந்து கதவடியில் நின்றா.

"என்ன பிள்ளை அது?"

"ஒண்டுமில்லையம்மா, போன்."

அவ நம்பவில்லை. வெளி லைற்றைப் போட்டு முற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போய்ப் படுத்தா. அவ எத்தனை தரம் இடம்பெயர்ந்தவ என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் ஒவ்வொருமுறையும் ஒவ்வொரு எண்ணிக்கை சொல்லுவா.

அந்த வீடியோவை அடுத்தநாள் கம்பஸுக்குப் போகிற பஸ்ஸில், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தின் சரே பகுதியில் பிஸ்லி என்றொரு இடம். ஒவ்வொரு யூலை மாதமும் அங்கே பெரிய துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிறது. 1860இல் விம்பிள்டனில் தொடங்கி, 1890இல் பிஸ்லிக்கு மாறிய போட்டி. அரசரின் பெயரிலான பரிசுக்குரிய இறுதிச் சுற்றில் 900 யாரிலும் 1000 யாரிலும் 15 வெடிகள் வீதம் சுடவேண்டும். 1930இல் மார்ஜரி ஃபோஸ்டர் என்ற பெண் அதை வென்றார், பெண்ணொருவர் வென்றது அதுதான் முதல்தடவை. வென்றவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கட ஊர்த் திருவிழா மாதிரி.

நான் துவக்கைத் தொட்டதே இல்லை, தொட விருப்பமும் இல்லை. அந்த வீடியோவில் என்னைப் பிடித்து வைத்தது கொடிகள். சுடுகிற இடத்துக்கும் குறிக்கும் இடையில் வரிசையாகக் கொடிகள். நரைத்த தலை மனிசர் ஒருவர் புல்லில் குப்புறப் படுத்திருக்கிறார். சுடவே இல்லை. கொடியைப் பார்க்கிறார், தொலைநோக்கிக்குள் பார்க்கிறார், சைற்றில் உள்ள குமிழை ஒரு சொட்டுத் திருப்புகிறார், பிறகு திரும்பவும் கொடியைப் பார்க்கிறார்.

1000 யார் என்றால் 914 மீற்றர். அங்கே குறியின் நடுவட்டம் சுமார் இரண்டு அடி அகலம். சன்னம் போய்ச்சேர ஒன்றரைச் செக்கனுக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும். அதற்குள் அது பல மீற்றர் கீழே இறங்கிவிடும், ஆனால் புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறாது. ஒருமுறை கணக்குப் போட்டால் போதும். மாறுவது காற்றுத்தான்.

நான் கலைப்பீடம். கணக்கென்றால் ஓ.எல்லோடு கும்பிட்டுவிட்டு வந்தவள். இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 16 கிலோமீற்றர் பக்கக்காற்று என்றால் செக்கனுக்கு நாலரை மீற்றர். அதை ஒன்றரைச் செக்கனால் பெருக்கினால் சன்னம் ஏழு மீற்றரளவு விலகவேண்டும். ஆனால் உண்மையில் விலகுவது இரண்டரை மீற்றரளவுதான். எங்கே பிழை? விஞ்ஞானபீடத்தில் படிக்கிற அறைத்தோழி ஒருத்தி கன்ரீன் மேசையில் விளங்கப்படுத்தினாள். காற்று சன்னத்தைப் படகுமாதிரி அள்ளிக்கொண்டு போவதில்லை. சுழன்று பறக்கிற சன்னம் தன் மூக்கை எதிர்ப்படும் காற்றின் பக்கம் மெல்லத் திருப்பிக்கொள்கிறது. அப்போது அதன் வேகத்தைக் குறைக்கிற இழுவையில் ஒரு சின்னப் பங்கு பக்கவாட்டாக விழுகிறது. ஆகவே பெருக்கவேண்டியது முழுப் பயண நேரத்தை அல்ல, காற்றால் ஏற்பட்ட தாமதத்தை மட்டும். வெளியேறும் வேகம் செக்கனுக்கு 900 மீற்றர் என்றால், காற்றே இல்லாத வெளியில் ஒரு செக்கனில் போய்ச்சேர்ந்திருக்கும். தாமதம் அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் கூட. நாலரையால் பெருக்க, விடை சரியாக வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் எந்த அசைன்மென்றிலும் வந்ததில்லை.

ஆனால் கணக்குத் தெரிவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. காற்றை மணிக்கு 2 கிலோமீற்றர் பிழையாக மதித்தாலே சன்னம் நடுவட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். அந்தளவு மாற்றம் கன்னத்தில் தெரியாது. கிட்டக் கொடி ஒன்று சொல்லும், தூரக் கொடி இன்னொன்று சொல்லும். எதை நம்புவது? சுடுபவருக்குக் கிட்ட வீசுகிற காற்றுக்குக் கனம் கூட, ஏனென்றால் அங்கே திரும்பிய சின்னக் கோணம் மிச்சத் தூரம் முழுக்க வளர்ந்துகொண்டு போகும். நேர் முன்னாலோ பின்னாலோ வீசினால் விலகல் இல்லை என்று நிம்மதிப்பட முடியாது. அப்படிப்பட்ட காற்று இடமும் வலமும் வாலாட்டும். அதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. வெயில்நாளில் தொலைநோக்கிக்குள் கானல் தெரியும். அது நேர்மேலே கொதித்தால் பக்கக்காற்று இல்லை, சரிந்து ஓடினால் காற்றும் அந்தப் பக்கமாக ஓடுகிறது. இவ்வளவையும் பார்த்து ஒரு முடிவெடுக்க, தன் முறை வந்ததும் 45 செக்கன்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொல்கிறேன். இதே அறிவுதான் சினைப்பருக்கும் தேவை. எங்கட வீடுகளில் அந்தச் சொல் விளையாட்டுச் செய்தியில் வந்த சொல் இல்லை. சில இரவுகளில் கானலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும்போது, இதே கானலை இதே மாதிரி யாரோ எங்கட வெளிகளிலும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று யோசனை வரும். போனை மூடிவிடுவேன். இரண்டு நாள் பார்க்கமாட்டேன். பிறகு பார்ப்பேன். "அது விளையாட்டு, இது போர்" என்று பிரித்துவைப்பது எனக்குச் சுகமாக இருக்கிறது, அதனாலேயே அதை முழுசாக நம்ப ஏலாமல் இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு வீட்டில் நின்றபோது அம்மா பக்கத்தில் வந்து இருந்தா. தம்பி வெளியே பட்டத்துக்கு முச்சை கட்டிக்கொண்டிருந்தான். வாடை நல்லாக அடித்தது. என் போனில் ஆட்கள் படுத்திருந்தார்கள், சத்தமில்லை.

"இவையள் என்ன செய்யினம்?"

சொன்னேன். எழும்பிப் போவா என்று நினைத்தேன். போகவில்லை. அம்மா வடமராட்சிக் கரையில் பிறந்தவ. அம்மப்பா கடலுக்குப் போனவர். காலமை எழும்பினதும் முகம் கழுவ முதல் காற்றைப் பார்க்கிற வீடு. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரலால் தொடாமல் திரையைக் காட்டினா.

"கிட்டக் கொடி விழுந்திட்டுது. அந்தாள் பாக்கேல்லை."

அதுவரை காற்று இடப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கேற்றமாதிரி அவர் சைற்றை இடப்பக்கம் வைத்திருந்தார். துவக்கு அதிர்ந்தது. குறியை இறக்கி, அடையாளத் தட்டைக் குத்தி, திரும்ப ஏற்றினார்கள். தட்டு நடுவட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம் நின்றது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் பால் இருந்தது, எழும்பிப் போனா. கொஞ்சநேரத்தால் குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

"அடுத்ததுக்கு மாத்தினவரோ?"