33ஆம் ஒழுங்கையில் ஒரு வெள்ளை வீடு

வீட்டுச் சுவருக்கு எந்நிறம் பூசுவது என்பது சிறு கேள்வியே. ஆயினும் அது நமது இல்லத்தின் அமைதியை இரண்டு வாரம் குலைத்துவிட்டது. நடு அறைக்குக் கருநீலமே அழகு என்றாள் மகள். எங்கும் வெள்ளையே வேண்டும் என்றார் மனைவியார். முடிவு காணாமலே நாம் ஓர் அலுவலின் பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பயணமானோம்.

கொள்ளுப்பிட்டியில், பகத்தலை வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையில், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) வாழ்ந்த இல்லம் இருக்கின்றது. 1982இல் கோட்டேயில் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர் அவரே. வரிசையாய் நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாய்ப் பெற்று, 1950களின் இறுதி முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் ஒரே வீடாக இணைத்தார். முன்னரே ஒழுங்கு செய்து செல்வோர் அதனைப் பார்வையிடலாம்.

வாயிலைக் கடந்ததும் நீண்டதொரு நடை. சுவரும் வெள்ளை, நிலமும் வெள்ளை. நெருக்கமான நகரின் நடுவே இத்துணை வெளிச்சம் எங்கிருந்து வருகின்றதென வியந்தோம். வானம் பார்த்த சின்னஞ்சிறு முற்றங்களே அதன் ஊற்று. நமது நாற்சார் வீட்டு முற்றம் செய்யும் வேலையையே இங்கும் கண்டோம். முற்றத்தில் இறங்கும் ஒளியை வெண்சுவர்கள் ஏந்தி உள்ளே அனுப்புகின்றன. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். கருநீலமோ 10 சதவீதந்தானும் தருவது அரிது. ஒரே சாளரமுள்ள நமது நடு அறைக்கு எது தகும் என்பது விளங்கிற்று.

மனைவியாரே வென்றார் என்றெண்ணியபடி நடந்தோம். ஆனால், சுவர் எங்கே முடிந்து நிலம் எங்கே தொடங்குகின்றது என அறியாது நமது கண் ஒரு கணம் தயங்கிற்று. நடையின் அப்பால், சிறு நீர்த்தொட்டியருகே, செட்டிநாட்டுப் பழந்தூண்கள் நின்றன. வெண்மைக்கு முன்னே அவற்றின் மரநிறம் தெளிவாய்த் தெரிந்தது. கண் அவற்றைப் பற்றிக்கொண்டது, காலும் துணிந்தது.

அப்பொழுது நமது அன்னையாரை நினைத்தோம். எண்பதைக் கடந்தவர், பார்வை மங்கியவர். அறையிலிருந்து விறாந்தைக்கு இறங்கும் ஒற்றைப் படியை அஞ்சி, எவரேனும் கைகொடுக்கும் வரை கட்டிலிலேயே காத்திருப்பார். அழகைப் பற்றி வாதிட்ட நாம் எவரும் அவரை ஒரு சொல் கேட்டதில்லை. மங்கிய கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் போதாது, வேறுபாடும் வேண்டும். முழுதும் வெள்ளையாக்கினால் அப்படி இன்னும் மறைந்தேயிருக்கும்.

ஊர் திரும்பியதும் சுவரெல்லாம் வெள்ளையாயிற்று. மகள் விரும்பிய கருநீலம் கதவு நிலைகளுக்கும், சுவரின் அடிப்பட்டைக்கும், அந்தப் படியின் விளிம்புக்கும் சென்றது. சிறிய தகரம் ஒன்றே போதியதாயிற்று.

வர்ணம் உலர்ந்த மூன்றாம் நாட் காலை, அன்னையார் படியருகே வந்து நின்றார். குனிந்து நோக்கி, நீலக்கோட்டைக் காலால் தொட்டுப் பார்த்தார். பின்னர் எவரையும் அழையாமலே இறங்கிச் சென்று விறாந்தையில் அமர்ந்தார்.

நிறம் தெரிவு செய்யும் அன்பர்களே, முதலில் உங்கள் அறையின் சாளரங்களை எண்ணுங்கள். பின்னர், அவ்வறையில் நடமாடும் மூத்தோரின் கண்களை எண்ணிப் பாருங்கள்.