அம்மையின் நடை

அம்மை 31 வருடம் அண்டி ஆபீசுக்குப் போனாள். மார்த்தாண்டத்தைச் சுற்றி முந்திரி ஆலைக்கு அதுதான் பெயர். தரையில் குந்தியிருந்து, வறுத்த அண்டியைக் கட்டையால் தல்லிப் பருப்பெடுக்க வேண்டும். தோட்டெண்ணெய் பட்டால் கை பொள்ளும். கூலி எடைக்கு, எழுந்து இடுப்பை நிமிர்த்தினால் அந்த நேரத்துக்குக் காசில்லை. இப்போது இடுப்பிலிருந்து குதிகால்வரை கரண்ட் அடிப்பதுபோல வலி. சியாட்டிக் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். தினமும் நடக்கச் சொன்னார்.

வீட்டில் சிரித்தார்கள். "நாள் முழுக்க வேலை செய்யிறவளுக்கு எதுக்கு நடை?"

ஒரே இருப்பில் நரம்பை நசுக்கும் வேலையையும், உடலை அசைத்து விடும் நடையையும் ஒரே கணக்கில் எழுதுவது வீட்டுக்கு வசதி. உடல் அப்படி எழுதுவதில்லை. ஜப்பானின் வாகயாமாவில் சியாட்டிக் நரம்பு கட்டப்பட்ட எலிகளை ஓடுபொறியில் ஓடவிட்டார்கள். வலி குறைந்தது. 2016இல் வெளியான அந்த ஆய்வில், எலிகளின் தண்டுவடத்திலுள்ள மைக்ரோகிளியா செல்களில் எச்டிஏசி1 என்னும் நொதி குறைந்திருந்தது. டிஎன்ஏ நூல் என்றால் ஹிஸ்டோன் அது சுற்றியிருக்கும் கண்டு. அந்தக் கண்டில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் துணுக்குகளைப் பிய்த்தெடுப்பது இந்த நொதி. அது குறைந்தால் சுற்று தளரும், மூடிக்கிடந்த சில மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். மரபணுவின் எழுத்து ஒன்றும் மாறுவதில்லை.

மைக்ரோகிளியா என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய வருடம், 2015இல், கனடாவில் ஜெஃப்ரி மோகில் உள்ளிட்டோர் ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: மைக்ரோகிளியாவை முடக்கினால் ஆண் எலிகளின் நரம்பு வலி தணிகிறது, பெண் எலிகளுக்குத் தணியவில்லை. அவற்றின் வலி வேறு நோயெதிர்ப்புச் செல்கள் வழியாக வருகிறது. அதுவரை வலி ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் ஆண் எலிகள்தான். பெண்ணுடலின் ஹார்மோன் சுழற்சி கணக்கைக் குழப்புமாம்! நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களில் பெண்களே அதிகம் என்பது தெரிந்தும் இப்படித்தான் நடந்தது. ஆகவே நடை அம்மையின் தண்டுவடத்தில் எந்தக் கண்டைத் தளர்த்துகிறது என்று எலியை வைத்து என்னால் அவளுக்குச் சொல்ல முடியாது. ராத்திரி வலியில் எழும்புவது குறைந்திருக்கிறது என்று அவள்தான் எனக்குச் சொல்கிறாள்.

காலை ஐந்தரைக்கு ரப்பர் விளை வழியாகப் போகிறாள். முதல் வாரமே டீக்கடையிலிருந்து, "காலத்தே எங்க போறீங்க?" என்று கேள்வி. சும்மா நடக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் முதல் கையில் ஒரு தூக்குப்பாத்திரம். பால் வாங்கப் போகிறாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், கேள்வி நின்றது. எங்கள் வீட்டுக்குப் பால் வாசலிலேயே வருகிறது.