லேடாங் மலையும் கண்ணாடிப் பெட்டியும்

தங்காக் பட்டணத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் லேடாங் மலை தெரியும். உயரம் 1,276 மீட்டர். ஜொகூரில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. இளவரசி கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அங்குள்ள செடியைப் பற்றி.

மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகும்; பாறைகள் தலைகாட்டும். அங்கேதான் மலாய்க்காரர்கள் 'பெரியுக் கெரா', அதாவது குரங்குப் பானை, என்று அழைக்கும் குடுவைச் செடி. இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் விழும் பூச்சியே அதற்கு உணவு. 1854-இல் இங்கு வந்த ஆங்கில இயற்கை ஆய்வாளர் வாலஸ், தாகம் தாங்காமல் பூச்சிகள் கிடந்த அந்த நீரையே குடித்தார். ருசியாக இருந்ததாம்! நமக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

பள்ளிப் பருவத்தில் மலையேறிய என் அண்ணன் ஒரு செடியைப் பிடுங்கி வந்தார். லயத்து வாசலில் பலகைச் சட்டம் அடித்து, பழைய சன்னல் கண்ணாடியால் மூடி வைத்தார். அம்மா தினமும் தண்ணீர் தெளித்தார். குடுவைகள் ஒவ்வொன்றாய்க் கருகின. "ராசியில்லாத கை" என்றார் பாட்டி.

ராசி அல்ல, வெக்கை. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிரும். சதுப்பில் வளரும் குடுவை இனங்களும் உண்டு. இந்த மலை இனத்துக்கோ இராக் குளிர் வேண்டும். நம் வெயிலில் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். குளிர்நாடுகளில் ஆல்ப்ஸ் மலைச் செடிகளைச் சட்டத்தில் வளர்க்கிறார்களே என்பீர்கள். அது சூட்டுக்காக அல்ல. உறைபனிக்கடியில் ஈரமின்றி உறங்கிப் பழகியவை சமவெளியின் குளிர்கால மழையில் அழுகிவிடும். ஆகவே மேலே கண்ணாடி. பக்கங்கள் காற்றுக்குத் திறப்பு.

பெட்டியை நான் பழிக்கவில்லை. 1829-இல் லண்டன் மருத்துவர் வார்டு, மூடிய போத்தலுக்குள் பெரணி முளைத்ததைக் கண்டார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் செடிகளை உயிரோடு கடல் கடத்தின. 1876-இல் பிரேசில் விதையில் முளைத்த ரப்பர் கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கை போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டியது அந்த வம்சத்து மரங்களில்தான். அது தாழ்நிலத்து மரம், இங்கே தழைத்தது.

லேடாங் இப்போது தேசியப் பூங்கா. செடியைப் பிடுங்கக் கூடாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு விடியற்காலையிலேயே ஏறுங்கள். குடிநீரை மறக்காதீர்கள்.

அண்ணனின் சட்டமா? கண்ணாடியை எடுத்துவிட்டு அம்மா அதில் கத்தரி நாற்று விட்டார். அமோகமாக வந்தது.