கட்டிலும் நாற்காலியும்

மாரடைப்பு வந்தவரைக் கட்டிலில் கிடத்திவிடுவது என் போன்ற கதாசிரியர்களுக்குச் சௌகரியமான காரியம். வைத்தியர்களும் வெகு காலம் அதையேதான் செய்தார்கள். நாலு முதல் ஆறு வாரம் அசையக் கூடாது. புரண்டு படுக்கவும், ஒரு கவளம் உண்ணவும் பிறர் கை வேண்டும். இருதயம் ஓய்ந்திருக்க, அசையாத கால்களில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துப் பலர் மாண்டார்கள்.

பாஸ்டன் நகரில் டாக்டர் லெவைனும் அவருடைய சீடர் லௌனும் நோயாளிகளை நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். ஆஸ்பத்திரியின் இளம் வைத்தியர்களே பதறினார்கள். 1952-ல் 81 பேரின் விவரம் வெளியாயிற்று. அஞ்சிய கேடு நாற்காலியால் வரவில்லை; நோயாளிகளுக்குத் தெம்புதான் வந்தது.

இன்று அடைப்பைக் கரைக்க மருந்தும், திறக்கப் பலூனும் உண்டு. ஆனாலும் படுத்தவர் கண்ணுக்குக் கூரைதான் தெரியும். உட்கார்ந்தவருக்கு வாசல் தெரியும்.