பட்டணத்தில் ஒரு பகல்

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது பழமொழி. கெடாமலே பட்டணம் சேர்ந்து, ஒரு பகல் முழுவதும் தனியாகச் சுற்றிவிட்டு, மறுநாள் விடியலில் சீர்காழியில் வந்து இறங்கியவள் நான். அந்த ஒரு பகலின் கதையை நம் கல்லூரித் தோழியருக்கும் தோழர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் அதற்கு முன் சென்னையைப் பார்த்தவர் அப்பா ஒருவர்தான். அவரும் ஒரு மாநாட்டுக்கு லாரியில் போய், கடலையும் தலைவர்களின் நினைவிடங்களையும் பார்த்துவிட்டு, அதே லாரியில் திரும்பியவர்.

முதுகுநாணிகள் பாடம் நடந்துகொண்டிருந்த நாளில் எங்கள் பேராசிரியர், “எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. விலங்கியல் படிப்பவர்கள் ஒரு முறையாவது அதை நேரில் பார்க்க வேண்டும்” என்றார். அந்தச் சொல் என்னை விடவில்லை. நானும் என் தோழியும் போவதென்று முடிவு செய்தோம். ‘கூட ஒருத்தி வருகிறாள்’ என்பதற்காகவே வீட்டில் சம்மதம் கிடைத்தது.

புறப்படும் இரவு ரயில் நிலையத்தில் நான் காத்திருக்க, தோழியிடமிருந்து செய்தி வந்தது. அவளுக்குக் காய்ச்சல். நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கையில் டிக்கெட் இருந்தது; பையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு இருந்தது; இந்த முறை திரும்பினால் இனி எந்த முறையும் இல்லை என்ற எண்ணமும் இருந்தது. ஏறிவிட்டேன்.

சற்று நேரத்தில் அப்பா போனில் அழைத்தார்.

“ரெண்டு பேருக்கும் உக்கார எடம் கெடச்சுதா?”

“கெடச்சுதுப்பா.”

அந்த ‘ரெண்டு பேர்’ இரவு முழுவதும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தூங்கவில்லை.

தாம்பரத்தில் இறங்கியபோது இன்னும் இருட்டு. பெண்கள் காத்திருக்கும் அறையில் வெளுக்கும்வரை இருந்துவிட்டு மின்சார ரயில் ஏறினேன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்று படித்திருக்கிறேன். மகளிர் பெட்டியில் ஓர் அம்மாள் தரையில் அமர்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு நிலையத்திலும் எட்டி எட்டிப் பெயர்ப் பலகையைப் பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

“தனியா வந்தியா கண்ணு?” என்றார். தலையாட்டினேன்.

“எறங்கினதும் மலங்க மலங்க முழிக்காதே. போற எடம் தெரிஞ்ச மாதிரி நட. தெரியலேன்னா பொம்பளைங்கள கேளு. இல்லாட்டி கடைக்காரங்கள கேளு.”

எந்த வழிகாட்டி நூலிலும் இதைவிட நல்ல வாசகத்தை நான் படித்ததில்லை.

எழும்பூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு, பாந்தியன் சாலைக்கு நடந்தேன். அருங்காட்சியகம் திறக்க நேரமிருந்தது. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு ஓர் இட்லி என்று நான்கு இட்லி தின்றேன். பிறகு அந்த வாயிலுக்கு முன்னால் வந்து நின்றேன். 1851-இல் தொடங்கப்பட்ட நிறுவனம்; உள்ளே சிவப்புச் சிவப்பாய்ப் பெரிய கட்டடங்கள். கால் நகரவில்லை. இவை படித்தவர்களுக்கும் வெளிநாட்டாருக்கும் உரியவை, நமக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியது. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் வாயிலில் நின்றபோதும் இப்படித்தான் இருந்தது.

காவலாளியிடம், “ஐயா, உள்ளே போகலாமா?” என்று கேட்டேன்.

“டிக்கெட் வாங்கிட்டுப் போம்மா. யார் வேணா போகலாம்” என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவருக்கு அது அன்றாடச் சொல். எனக்கு அன்றைய நாளையே திறந்துவிட்ட சொல்.

திமிங்கிலத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ளங்கை அளவுப் படமாக இருந்தது, இங்கே ஒரு படகின் சட்டம்போல விரிந்து கிடந்தது. துடுப்பை நெருங்கிப் பார்த்தேன். வெளியே துடுப்பு, உள்ளே கை. நம்முடையதைப்போலவே மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல்கள். ‘அமைப்பொத்த உறுப்புகள்’ என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குள் நுழைந்தேன். திருவாலங்காட்டு நடராசரை எல்லாரும் சூழ்ந்து நின்றார்கள். நானும் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தேன். அங்கே அர்த்தநாரீசுவரர் ஒருவர் நின்றிருந்தார். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. சிவன் பக்கம் இரண்டு கைகள், உமை பக்கம் ஒரே கை. மொத்தம் மூன்று கைகள். ஆனாலும் ஒரு குறையும் தெரியவில்லை. பெயர்ப் பலகையைக் குனிந்து படித்தேன். ‘திருவெண்காடு’ என்றிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நான் பள்ளிக்குப் போன ஊர். சோழர் காலத்தில் எங்கள் பக்கத்து ஊருக்காக வார்த்த சிலை, என்னை வாயிலில் தயங்க வைத்த அதே இடத்தில் எனக்கு முன்பே வந்து நிற்கிறது! இங்கே நான் அந்நியள் அல்லள் என்று தோன்றியது. கூடவே, ஊரார் ஒருவரைப் பார்த்துவிட்டால் பொய்யை மறைத்து வைக்க முடியாது என்பதும் தோன்றியது.

வெளியே வந்து மர நிழலில் அமர்ந்து அப்பாவை அழைத்தேன்.

“அப்பா, பொய் சொல்லிட்டேன். அவ வரல. நான் தனியாத்தான் வந்திருக்கேன்.”

மறுமுனையில் பேச்சில்லை. வயலில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“இப்ப எங்க இருக்க?”

“மியூசியத்துல. நம்ம திருவெண்காட்டு அர்த்தநாரி சாமி இங்கதாம்ப்பா இருக்கு. இப்பத்தான் பாத்தேன்.”

“நம்ம திருவெண்காட்டு சாமியா?”

“ஆமாம்ப்பா. பேர் எழுதி வச்சிருக்காங்க.”

மீண்டும் மோட்டார்ச் சத்தம். பிறகு சொன்னார்: “பொய் சொன்னது தப்பு. அத வந்ததும் பேசிக்கலாம். எடம் மாறுறப்பல்லாம் ஒரு போன் போடு. வேளைக்குச் சாப்புடு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வளாகத்திலுள்ள கன்னிமாரா பொது நூலகத்துக்குள் போனேன். இம்முறை வாயிலில் தயங்கவில்லை. 1896-இல் திறக்கப்பட்ட நூலகம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. வேலைக்குத் தேர்வு எழுதும் இளைஞர்களும் முதியவர்களும் சத்தமின்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன்.

புளிச்சோற்றை முடித்துக்கொண்டு மெரினாவுக்குப் பஸ் ஏறினேன். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சீட்டின் அருமை, கையில் எண்ணி எடுத்து வந்த பணத்தோடு ஊர் சுற்றுகிறவளுக்குத் தெரியும். கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரி படைத்த உழைப்பாளர் சிலையைக் கண்டேன். பாறையை நெம்பும் அந்த நால்வரின் முதுகும் புடைத்த நரம்பும் எங்கள் தெருவில் நான் நாளும் பார்ப்பவை. அவற்றைச் சிலையாக நிறுத்திப் பெருமை செய்யலாம் என்பது எனக்குப் புதிது.

பிறகு அலையில் கால் நனைத்தேன். பூம்புகாரில் என் காலை நனைத்த அதே வங்கக் கடல். அப்பாவுக்கு அன்றைய நான்காவது போனைப் போட்டேன். மாலையில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையம் வந்து, தாம்பரம் வண்டிக்கு மாறினேன்.

தனியே போக நினைக்கும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சில சொற்கள். பகலில் போய்ச் சேருமாறும், இருட்டுவதற்குள் ரயில் நிலையம் திரும்புமாறும் திட்டமிடுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. பணத்தை இரண்டு இடங்களில் வையுங்கள். வீட்டாரின் எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள். போன் எந்த நேரமும் அணைந்து போகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். மூன்று இடங்கள் போதும். கேட்க வெட்கப்படாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தச் சுமை இல்லாமல் போயிருந்தால் நான் இரவில் தூங்கியிருப்பேன்.

ஊர் திரும்பியபின் அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்:

“அந்தச் சாமியப் பாக்க யார வேணா உள்ள விடுவாங்களா?”

“டிக்கெட் வாங்கிட்டா யார் வேணா போகலாம்ப்பா.”

“அறுவடை முடியட்டும். என்னையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போ. ஒனக்குத்தான் வழி தெரியுமே.”